குறுக்குச் சுவருக்கு இறக்கிய செங்கல்

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் கணினித் திரையில் சமையலறையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டும்போது எனக்குத் தலை சுற்றுகிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. சுவருக்கு வெள்ளை அடி, பளபளக்கிற பலகை போடு, கண்ணாடி பதி, தலைக்கு மேல் இருக்கும் அலமாரியைக் கழற்று என்று சின்ன அறையைப் பெரிதாகக் காட்ட உங்களிடம் எத்தனையோ வித்தைகள் இருக்கின்றன. எங்களிடம் சுண்ணாம்பும் நீலமும்தான் இருந்தன. உங்கள் வித்தைகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். சமையலறை சின்னதாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னதும் டேப்பை எடுக்கிறீர்களே, அவருக்கு எது சின்னதாக இருக்கிறது என்று கேட்கிறீர்களா? எனக்கும் அந்தக் காலத்தில் கேட்கத் தோன்றவில்லை. ஓர் ஆடி மாதம் முழுக்க அலைந்த பிறகுதான் தோன்றியது.

அறுபதுகளில் செஞ்சியில் நான் சொந்தமாக வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்திருந்தேன். மேஸ்திரி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பெயர் வந்திருந்தது. கடைத்தெருவில் ஒரு மல்லாட்டை மண்டி. நீங்கள் வேர்க்கடலை என்பதை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மண்டிக்குப் பின்னால் வீடு. அந்தக் கடைத்தெரு வீடுகளெல்லாம் ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். முன்னால் மண்டி, அப்புறம் கூடம், அதற்கப்புறம் சமையல்கட்டு, கடைசியில் கிணற்றடி. மண்டியை நடத்திய ஏகாம்பரம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனபோது கிணற்றடியில் செங்கல் இறக்கி அடுக்கியிருந்தது.

"கூடத்துக்கு நடுவுல குறுக்குச் செவுரு வெக்கணும் மேஸ்திரி. அந்தப் பக்கம் தம்பிக்கு ஒரு சமையக்கட்டு. ஆவணில அவனுக்குக் கல்யாணம். பொண்ணு வர்றதுக்குள்ள முடிச்சிடு" என்றார்.

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவர் மனைவி சரோஜா, சமையல்கட்டில் மூச்சு முட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்து, ஒரு நாள் கோபித்துக்கொண்டு மேல்மலையனூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாளாம். போய்க் கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறார். ஒருத்திக்கே இடம் பத்தாத சமையல்கட்டில் இன்னொருத்தியும் வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டவர், வீட்டையே இரண்டாக்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்.

நான் கிளம்பும்போது அவருடைய அம்மா கிணற்றடியில் வழிமறித்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் மண்டியம்மா. கணவர் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் மண்டியையும் கட்டிக் காத்தவர். அதட்டலுக்குப் பேர் போனவர். அன்றைக்குக் குரல் இறங்கியிருந்தது.

"செவுரு வேணாம்பா. இருக்கிற சமையக்கட்டப் பெருசாக்கிக் குடு. ரெண்டு அடுப்பு எரிஞ்சா நா எந்த அடுப்புல சாப்புடறது? இங்க சாப்ட்டா அங்க கோச்சிக்குவாங்க, அங்க சாப்ட்டா இங்க. இந்த வயசுல நா தட்டத் தூக்கிக்கினு செவுத்தச் சுத்தி சுத்தி வரணுமா?"

"பெருசாக்க எடமே இல்லியேம்மா" என்றேன்.

உண்மையிலேயே இல்லை. தெற்கே பக்கத்து வீட்டுச் சுவர். வடக்கே மூட்டை அடுக்கும் கிடங்கு, கிணற்றடிக்குப் போகிற வழியும் அதற்குள்தான். மேற்கே கூடம். கிழக்கே கிணறு. அந்தக் கிணறு பக்கத்து வீட்டுக்கும் பொது. அவர்கள் வந்து போகிற வழியை அடைத்தால் பஞ்சாயத்துதான்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆடி பொறந்துடுச்சி. இனிமே எவன் கடைக்கால் தோண்டுவான்? ஆவணி வரிக்கும் உனக்கு டைம் இருக்குது. பழுது பாக்கறதுக்கு ஆடி இன்னா, ஆவணி இன்னா? பாரு" என்றார் மண்டியம்மா.

ஆடியில் எங்கள் பக்கம் யாரும் அஸ்திவாரம் தோண்ட மாட்டார்கள். மகன் குறுக்குச் சுவருக்குச் செங்கல் இறக்கிவிட்டார். அம்மா ஆடியைக் கொண்டுவந்து குறுக்கே போட்டுவிட்டார். நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். விறகடுப்புக் கரியைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தேன். பரணில் கிடந்த உடைசல்களை இறக்கினேன். உள்பக்கம் திறந்து இடத்தை அடைத்த கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினேன். சமையல்கட்டு கண்ணைப் பறித்தது. சரோஜா உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற பெண்.

"பளிச்சுனு இருக்குது மேஸ்திரி. முன்ன அழுக்கா மூச்சு முட்டுச்சி. இப்ப சுத்தமா மூச்சு முட்டுது" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெளிச்சம்தான் போதவில்லை என்று முடிவு செய்து, சீமை ஓட்டுக் கூரையின் நடுவில் ஓர் ஓட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தேன். விடிந்ததும் போய்ப் பார்த்தால் வேடிக்கையாக இருந்தது. தரையில் ஒரே ஒரு இடத்தில் வெயில் கொட்டுகிறது. அதைப் பார்த்த கண்ணுக்கு மூலைகள் முன்னைவிட இருட்டாகத் தெரிகின்றன. மத்தியானத்தில் வெயில் சரோஜாவின் உச்சந்தலையிலேயே அடித்தது. செஞ்சி வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. சுற்றியுள்ள பாறையெல்லாம் காய்ந்து திருப்பி அடிக்கிற வெயில்.

அந்தக் கண்ணாடி ஓட்டை அங்கிருந்து எடுத்துத் தெற்குச் சுவரை ஒட்டி, கூரையின் ஓரத்தில் மாற்றினேன். இப்போது வெளிச்சம் தரையில் விழாமல் வெள்ளைச் சுவர் மேல் வழிந்து இறங்கியது. அந்தச் சுவர் ஒரு முழம் தள்ளிப் போன மாதிரி இருந்தது. இது நல்ல பாடம், வைத்துக்கொள்ளுங்கள். சின்ன அறையில் வெளிச்சத்தைத் தரையில் கொட்டாதீர்கள், சுவரில் விடுங்கள். சரோஜாவும் நன்றாக இருக்கிறது என்றாள். ஆனால் மூச்சு முட்டுவது நின்றதா என்று கேட்டால் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

அப்போதுதான் எனக்கு வல்லத்து வீடு ஞாபகம் வந்தது. செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் வல்லத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு நான் வீடு கட்டிக் கொடுத்திருந்தேன். அந்த வீட்டம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் தன் சமையல்கட்டு விசாலமானது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை நம்பி எனக்கு இரண்டு வேலைகூட வந்தது. அது எவ்வளவு பெரியது என்று அளந்து வர பஸ் ஏறிப் போனேன். டேப்பைப் பிடித்தால் சரோஜாவின் சமையல்கட்டைவிட ஒரு சாண் குறைவு. மறுபடியும் பிடித்தேன். குறைவுதான். நானே கட்டிய வீடு. அது ஏன் பெரிதாக இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

சுவர் அழுக்கு. கண்ணாடி ஓடு கிடையாது. மூலையில் கேழ்வரகுப் பானைகள். என்னதான் காரணம் என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தம்மா அடுப்பின் முன்னால் பலகையில் உட்கார்ந்து களி கிண்டிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் ஓயவில்லை. "டேய், கன்னுக்குட்டி கயித்தத் தின்னுது பாரு!" "யாரு போறது, தெக்கு வூட்டுக்காரரா? மழ வருமா?" "ஏய், அந்த மொறத்த எடுத்து உள்ள வையி!" எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே. இவருக்கு எப்படித் தெரிகிறது என்று எனக்கு ஆச்சரியம். அவர் தண்ணீர் மொள்ள எழுந்து போன சமயம், ஆம்பிளைக்கு அடுப்பின் முன்னால் என்ன வேலை என்று யாராவது கேட்டால் கேட்கட்டும் என்று அந்தப் பலகையில் உட்கார்ந்து பார்த்தேன்.

எதிரே தோட்டத்துக் கதவு திறந்திருந்தது. கன்றுக்குட்டி தெரிந்தது, களம் தெரிந்தது, அதற்கு அப்பால் வண்டிப்பாதை தெரிந்தது. அந்தம்மாவின் சமையல்கட்டு வண்டிப்பாதை வரைக்கும் நீண்டிருந்தது. மனையின் அமைப்பால் கதவு அங்கே வந்தது. என் சாமர்த்தியம் அதில் ஒன்றுமில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே செஞ்சிக்குத் திரும்பி, மண்டி வீட்டில் அடுப்பு ஆறியிருந்த நேரத்தில் சரோஜாவின் பலகையில் உட்கார்ந்தேன். எதிரே சுவர். நானே நீலம் கலந்து அடித்த சுவர். கிழக்குப் பார்த்துத்தான் சமைக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். அதனால் முதுகு கூடத்துக்கு, முகம் சுவருக்கு. ஜன்னல் ஒன்று இருந்தது. ஆனால் அது நிற்கிறவனின் நெஞ்சு உயரத்தில் இருந்தது. உட்கார்ந்து பார்த்தால் அதில் கொஞ்சம் வானமும் ஒரு தென்னங்கீற்றின் நுனியும்தான் தெரிந்தன. எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்த பெரிய மேஸ்திரி, ஜன்னல் உயரத்துக்கு அளவுகோல் எடுக்க மாட்டார். சுவரோரம் நின்று, நெஞ்சில் கை வைத்து, இங்கே என்பார். செஞ்சியில் எங்கள் எல்லாருடைய ஜன்னலும் அப்படித்தான். கட்டுகிறவன் நின்றுகொண்டு கட்டினான். சமைக்கிறவள் உட்கார்ந்து சமைத்தாள். ஊர் முழுக்க இப்படிச் சுவர் வைத்திருக்கிறோமே என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

அடுப்புக்கு நேராக வேண்டாம், சுடர் அலையும். கொஞ்சம் இடப்பக்கமாக, உட்கார்ந்தவள் கண் உயரத்தில், அகலமாக ஒரு ஜன்னல் வைக்கலாம் என்று மண்டியம்மாவிடம் சொன்னேன்.

"சமைக்கிறத தண்ணி எடுக்க வர்றவங்கல்லாம் பாக்கறதா? கண்ணு படும்பா. நாளைக்கே வயித்துவலின்னு படுத்துடுவாங்க" என்றார்.

கதவு போட்டுவிடலாம், வேண்டும்போது திறந்துகொள்ளலாம் என்று சமாதானம் சொன்னேன். அரைமனதாகத் தலையாட்டினார். ஏகாம்பரம் திண்டிவனம் போயிருந்த நாளில் சுவரில் கை வைத்தோம்.

அது மண் சாந்தில் கட்டிய பழைய சுவர். நாலு வரிசைச் செங்கல்லை உருவியதும் உள்ளேயிருந்து மண் பொலபொலவென்று உதிர ஆரம்பித்தது. உதிர்ந்துகொண்டே இருந்தது. விரிசல் ஒன்று ஓடி, மேலே உத்தரம் வரை போனது. சீமை ஓடு ஒன்று சரிந்து விழுந்து உடைந்தது. என் கொத்தனார் கையில் கிடைத்த செங்கல்லையெல்லாம் திறப்புக்குள் செருகி முட்டுக் கொடுத்தார். நாங்கள் பனந்துலாம் ஒன்றைக் கொண்டுவந்து, அந்தப் பனைமரக் கட்டையால் உத்தரத்தைத் தாங்கினோம்.

"மேஸ்திரி, மொதலாளி வர்றதுக்குள்ள அடைச்சிப் பூசிடலாம். இல்லன்னா மொத்தமா இடிச்சிட்டு எழுப்பிடலாம். ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றார் கொத்தனார்.

இந்த இடத்தை மட்டும் நன்றாகக் கேளுங்கள். அடைத்துப் பூசினால் சரோஜாவுக்கு மறுபடி சுவர்தான். இடித்துப் புதிதாக எழுப்பினால் ஆடியில் கடைக்கால். வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் அந்தச் சுவர் மேல் பழி போடுவார்கள். இரண்டுமே பயத்தில் தோன்றுகிற யோசனைகள். பயம் வந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது செய்யத் துடிக்கும். உத்தரம் நின்றுவிட்டது, இனி விழாது என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு, எல்லாரையும் வெற்றிலை போடச் சொல்லி அனுப்பிவிட்டேன். தனியாக உட்கார்ந்தேன். மறுபடியும் அதே பலகையில்தான்.

கொத்தனார் அவசரத்தில் செருகிய செங்கற்களுக்கு நடுவே சந்து சந்தாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். கிணறு முழுசாகத் தெரிந்தது. ராட்டினம், துவைகல், வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த என் ஆட்கள், எல்லாம் தெரிந்தது. எழுந்து ஓடிப்போய்க் கிணற்றடியில் நின்று திரும்பிப் பார்த்தேன். கறுப்பாகச் சந்துகள் மட்டும்தான் தெரிந்தன. வெளியே வெயில், உள்ளே நிழல். நிழலில் இருப்பவருக்கு வெயில் தெரியும். வெயிலில் இருப்பவருக்கு நிழல் தெரியாது. அதோடு இடைவெளி விட்டு அடுக்கினால் அந்தச் செங்கல்லே மேல் சுவரையும் தாங்கும்.

செருகியதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றுவிட்டு ஒன்றாகச் செங்கல் வைத்துக்கொண்டு வந்தோம். பாதி வேலையில் ஏகாம்பரம் வந்துவிட்டார். முட்டுக் கொடுத்த துலாத்தையும் உடைந்த ஓட்டையும் பார்த்தார்.

"இன்னாயா இது? செவுரு எழுப்பச் சொன்னா இருக்கிற செவுத்த ஓட்ட போட்டு வெச்சிக்கிற?"

"சாந்து காயட்டும் மொதலாளி. அப்பறம் பேசிக்கலாம்" என்றேன். அடுத்த செங்கல்லை எடுத்து வைத்தேன்.

சாந்து இறுகிய பிறகு மண்டியம்மாவைக் கிணற்றடிக்குப் போய் நிற்கச் சொன்னேன். ஏகாம்பரமும் விறைப்பாகப் பின்னால் போய் நின்றார். சரோஜா உள்ளே பலகையில் உட்கார்ந்தாள்.

"உள்ள ஆரு இருக்காங்கன்னு தெரியுதாம்மா?" என்று கேட்டேன்.

மண்டியம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "ஒண்ணும் தெரியல. ஓட்ட ஓட்டயா இருட்டாதான் இருக்குது."

உள்ளேயிருந்து சரோஜாவின் குரல் வந்தது. "அத்த, ராட்டினத்தப் புடிச்சிக்கினு நிக்கிறீங்க. இப்ப முந்தானையில மூஞ்ச தொடைக்கிறீங்க." கொஞ்சம் நிறுத்தி, "இன்னாங்க, அந்த அண்டா மேல இன்னாத்துக்குக் கால வெச்சிக்கினு நிக்கிறீங்க? வெளக்கி வெச்சதுங்க அது" என்றாள்.

ஏகாம்பரம் காலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். மண்டியம்மா சிரிக்க ஆரம்பித்தவர், உடனே நிறுத்திக்கொண்டு, "அப்ப நா எங்க போறன், இன்னா பண்றன்னு இவ பாத்துக்கினே இருப்பாளா?" என்று என்னைக் கேட்டார். நான் சாந்து காய்ந்துவிட்டதா என்று செங்கல்லைத் தட்டிப் பார்த்தேன்.

ஏகாம்பரம் உள்ளே வந்தார். அவரும் பலகையில் உட்கார்ந்து பார்த்தார். கோபம் போய்விட்டிருந்தது, குழப்பம் போகவில்லை. "ஏன் சரோஜா, எடம் இன்னும் அதேதான? இதுல எப்டி ரெண்டு பேரு சமைப்பீங்க?"

சரோஜா அன்றைக்குத்தான் மனம் திறந்து பேசினாள். "எடம் பத்தலன்னு நா எப்ப சொன்னன்? நீங்களா செவுரு வெக்கறன்னீங்க, நீங்களா செங்கல்லு எறக்கினீங்க. எங்கம்மா வூட்ல அடுப்பாண்ட உக்காந்தா தெருவே தெரியும். அமாவாசன்னா அங்காளம்மன் கோயிலுக்கு பஸ்ஸு பஸ்ஸா ஜனம் எறங்கறதப் பாத்துக்கினேதான் அம்மா தோச ஊத்தும், நா சட்னி அரைப்பன். இங்க வந்து இத்தினி வருசமா செவுத்தப் பாத்து உக்காந்துக்கினு இருக்கறன். யாரு வராங்க, யாரு போறாங்க, ஒண்ணும் தெரியாது. மூச்சு முட்டுதுன்னு சொன்னன். உங்களுக்கு அது எடம்னு கேட்டுச்சி."

எனக்கு மனசு கனத்துவிட்டது. சுண்ணாம்பு, கண்ணாடி ஓடு, வல்லத்துக்கு பஸ் என்று அலைந்தவன், இந்தப் பெண்ணிடம் என்னம்மா குறை என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கணவரும் கேட்கவில்லை, மாமியாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் விளக்கு வைத்தால் நிலைமை தலைகீழாகிவிடும், வெளியிலிருந்து உள்ளே தெரியும். அதனால் ராத்திரிக்கும் ஐப்பசிச் சாரலுக்கும் ஒரு பலகைக் கதவு செய்து கொடுத்தேன். கோட்டைக் குரங்கு ஒன்று சந்துக்குள் கையை விட்டு ஒரு கத்தரிக்காயைத் தூக்கிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். அதைச் சொல்லும்போதும் சரோஜா சந்தோஷமாகத்தான் சொன்னாள். பேச்சுக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டதே.

ஆவணி பிறந்தது. கடைக்கால் தோண்டத் தடையில்லை. ஏகாம்பரம் ஆள் அனுப்பினார். மண்வெட்டியோடுதான் போனேன். செங்கல் அடுக்கு அப்படியே இருந்தது. மண்டியம்மா அதைப் பார்க்காத மாதிரி தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். குடம் நிரம்பி வழிந்தும் நிறுத்தவில்லை.

ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரோஜாதான் உன்னக் கூப்புடச் சொன்னா மேஸ்திரி. அவளே சொல்லுவா" என்றார்.

சரோஜா செங்கல் சந்துக்கு வெளிப்பக்கம் வந்து நின்று, சுவரோரமாகத் தரையைக் காட்டினாள். "வர்ற பொண்ணுக்கு இங்க உக்காற ஒரு மேட கட்டுங்க. பக்கத்து வூட்டுக்காரங்க நடக்கற வழி அடைக்காத மாதிரி, சின்னதா. அவ இந்தாண்ட உக்காந்துக்கினு காய் அரியட்டும். நா உள்ள கொழம்பு வெக்கறன். பேசிக்கினே வேல ஆயிடும். ஒரு வாரம் நா உள்ள, ஒரு வாரம் அவ உள்ள." பிறகு செங்கல் அடுக்கைப் பார்த்து, "அதுக்கு இந்தச் செங்கல்லு போதும்ல?" என்றாள்.

"தாராளமா போதும்மா. மீறும்" என்றேன்.

கிணற்றுக்குள் வாளி தொபுக்கென்று விழுந்தது. மண்டியம்மா கயிற்றை விட்டுவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய அதட்டலோடு என் பக்கம் திரும்பினார்.

"மீறுதுல்ல? அப்ப அந்த மேடய இன்னும் கொஞ்சம் நீட்டிக் கட்டு. நானும் உக்காரணும்ல" என்றார்.